முன்னால் எரிந்தால் போதாது

நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை இங்கே ரொறொன்ரோவில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு விடுவோம். அடுத்த நாள் பின்னேரம் ஐந்தரைக்கெல்லாம் ஸ்காபுறோ இருட்டிவிடும். அந்தக் கிழமை என்னிடம் கார் பழக வருகிற யாருக்கும் நான் பரலல் பார்க்கிங் சொல்லிக்கொடுப்பதில்லை. லைற் பாடம் மட்டும்தான்.

இந்தப் பழக்கம் ஒரு பிள்ளையால் வந்தது. ஊரிலிருந்து வந்து எட்டு மாதம். ஜி2 சோதனைக்கு (இங்கே லைசென்ஸுக்கான முதல் ரோட்டுச் சோதனை) புருஷனின் காரைத்தான் கொண்டுபோகப் போகிறாள் என்பதால் அந்தக் காரிலேயே ஒரு தடவை ஓடிப் பார்ப்போம் என்று வந்திருந்தாள். மார்க்கம் ரோட்டில் ஏறியதும் கேட்டேன்: “லைற் போட்டீரா?”

“எரியுதுதானே அன்ரி. ரோட்டில வெளிச்சம் விழுகுது, பாருங்கோ.”

வெளிச்சம் விழத்தான் செய்தது. டாஷ்போர்டும் பளிச்சென்று இருந்தது. ஆனால் முன்னால் நின்ற வானின் பின்கண்ணாடியில் தெரிந்த எங்கள் லைற் கொஞ்சம் சோகையாக இருந்தது. பக்கத்துப் பிளாசாவுக்குள் விடச் சொன்னேன். எஞ்சினை நிறுத்தாமல் பார்க்கில் போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுக்கச் சொல்லிவிட்டு, “இறங்கிப் பின்னுக்குப் போய்ப் பாரும்” என்றேன். போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். பின்பக்கம் ஒரு சொட்டுச் சிவப்பு இல்லை. நம்பர் தகட்டு லைற்கூட இல்லை. இவ்வளவு நேரமும் நாங்கள் பின்னால் வந்தவர்களுக்கு ஒரு கறுப்பு நிழலாக ஓடியிருக்கிறோம்.

அவளில் பிழை இல்லை. காரில் எரிந்தது பகல் விளக்கு. அவள் நினைத்தது ஹெட்லைற். இரண்டும் முன்னாலேதான் எரிகின்றன. அதனால்தான் இவ்வளவு குழப்பம்.

இரண்டும் எதற்கு

பகல் விளக்கை ஆங்கிலச் சுருக்கத்தில் டி.ஆர்.எல். என்பார்கள். எஞ்சினைப் போட்டு வண்டியை நகர்த்தினால் தானாக எரியும். நீங்கள் எதையும் தொட வேண்டாம். அது வெயிலைப் பார்ப்பதில்லை, இருட்டைப் பார்ப்பதில்லை, நேரம் பார்ப்பதில்லை. எதிரே வருகிறவனும் ரோட்டைக் கடக்க நிற்கிறவனும் “ஓ, ஒரு கார் வருகிறது” என்று கொஞ்சம் முன்கூட்டியே கண்டுகொள்ள வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை. உங்களுக்கு ரோட்டைக் காட்டுவது அதன் வேலை இல்லை.

ஓட்டோ ஹெட்லைற் என்பது உண்மையான ஹெட்லைற்தான். அதைப் போடுகிற கைக்குப் பதிலாக ஒரு சின்ன ஒளி உணரி இருக்கிறது, வேறு வித்தியாசம் இல்லை. வெளிச்சம் குறைந்தால் அது ஹெட்லைற்றைப் போடும்; கூடினால் அணைக்கும். அது போடும்போது முன் லோ பீமுடன் (ரோட்டைக் காட்டும் தாழ்ந்த வெளிச்சம்) பின் சிவப்பு லைற், பக்கவாட்டில் இருக்கும் சின்ன அம்பர் (செம்மஞ்சள்) லைற், நம்பர் தகட்டு லைற் எல்லாம் ஒன்றாக வரும். பகல் விளக்கில் பெரும்பாலான கார்களில் இவை எதுவுமே வராது. பிரேக் லைற் மட்டும் எப்போதும்போல வேலை செய்யும், அதற்குத் தனி இணைப்பு. ஆனால் 401 நெடுஞ்சாலையில் நூறில் போகிறவன் பிரேக்கை அடிக்கும்வரை அவன் இருப்பதே தெரியாது என்றால் அது என்ன கதை?

(ஓட்டோ என்று நான் சொன்னதும் ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் சிரிப்பார்கள். மூன்று சக்கர ஓட்டோ இல்லை. சுவிட்சில் நாலு எழுத்தில் அப்படித்தான் எழுதியிருக்கும்.)

எனக்கு இதை விளங்கவைக்க ஊர்ச் சைக்கிளைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை. டைனமோ லைற் முன்னால் எரியும். பின்னால் மட்கார்டில் ஒரு சிவப்புக் கண்ணாடி வில்லை மட்டும் இருக்கும். யாராவது வெளிச்சம் அடித்தால் அது மின்னும், தானாக எரியாது. பகல் விளக்கோடு இரவில் ஓடுகிற கார் அந்தச் சைக்கிள்தான், மணிக்கு நூறு கிலோமீற்றரில்.

கனடாவுக்கு ஏன் இது வந்தது

இது வடக்கு நாடுகளின் யோசனை. குளிர்காலத்தில் சூரியன் அடிவானத்தை ஒட்டியே ஊர்ந்து போகிற இடங்கள். பின்லாந்தில் 1972 இல் ஊர்ப்புறச் சாலைகளில் குளிர்காலப் பகலிலும் லைற் போட்டு ஓட வேண்டும் என்றார்கள். சுவீடன் 1977 இல் வருடம் முழுக்கப் போடச் சொன்னது. கனடா இன்னொரு வழியில் போனது. சாரதியிடம் சொல்லிப் பயனில்லை, காரிடமே சொல்லிவிடுவோம் என்று, 1989 டிசம்பர் 1 க்குப் பிறகு தயாரிக்கப்படும் புதிய கார்கள் எல்லாவற்றிலும் பகல் விளக்கைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011 பெப்ரவரியிலிருந்து புதிய வகைக் கார்களுக்கு அதே கட்டாயம். அமெரிக்காவில் அனுமதி உண்டு, கட்டாயம் இல்லை. பவலோவிலிருந்து எல்லை தாண்டி வருகிற கார்களில் சிலதுக்குப் பகலில் முன்னால் ஒன்றும் எரியாமல் இருப்பது அதனால்தான்.

கனடாவின் விதியில் ஒரு சுதந்திரம் இருந்தது. பகல் விளக்குக்கென்று தனியாக ஒரு லைற் வைக்க வேண்டும் என்று இல்லை. ஹை பீமையே (தூரம் காட்டும் உயர்ந்த வெளிச்சம்) மங்கலாக எரியவிடலாம். லோ பீமை எரியவிடலாம். முன்பக்க அம்பர் சிக்னல் லைற்றைத் தொடர்ந்து எரியவிடலாம். பழைய கார்களில் மங்கலான ஹை பீம் நிறைய. எங்கள் பிரச்சினையின் வேர் அங்கேதான். மங்கலான ஹை பீம் ரோட்டில் கொஞ்சம் வெளிச்சம் போடும். ஸ்காபுறோ மாதிரித் தெருவிளக்கு நிறைந்த இடத்தில் அந்தக் கொஞ்சம் போதும்போல இருக்கும்.

இன்னொரு வேர் டாஷ்போர்ட். நான் இங்கே வந்து வாங்கிய முதல் காரில் ஹெட்லைற் போடாவிட்டால் மீற்றரே தெரியாது. வேகம் பார்க்க முடியாத எரிச்சலிலேயே கை சுவிட்சுக்குப் போய்விடும். இப்போதைய கார்களில் மீற்றர் ஒரு திரை. பகல், இரவு எல்லா நேரமும் ஒளிர்ந்துகொண்டே இருக்கும். முன்னால் கொஞ்ச வெளிச்சம், உள்ளே நல்ல வெளிச்சம், ஆகவே லைற் போட்டாயிற்று என்று மூளை முடிவெடுத்துவிடுகிறது.

இப்படி ஓடும் வண்டிகளை இங்கே ‘பாண்டம்’ வண்டி என்பார்கள். நான் பேய்க் கார் என்கிறேன். இந்தப் பேயை ஓட்ட அரசாங்கம் 2021 செப்டம்பரில் ஒரு விதி கொண்டுவந்தது. அதற்குப் பிறகு வரும் புதிய வண்டியில் மூன்றில் ஒன்று இருக்க வேண்டும். பகல் விளக்கோடு பின் லைற்றும் சேர்ந்து எரியலாம். அல்லது இருட்டினால் எல்லா லைற்றும் தானாக எரியலாம். அல்லது, லைற் போடும்வரை மீற்றர்ப் பலகை இருட்டாகவே இருக்கலாம். மூன்றாவதைப் படித்தபோது என் முதல் கார் ஞாபகம் வந்து சிரித்தேன்.

ஆனால் ரோட்டில் ஓடுகிற கார்களில் 2021 க்கு முந்தியது எவ்வளவோ. புதிதாக வந்தவர்கள் முதலில் வாங்குவதும் அதைத்தான். ஆகவே உங்கள் கார் எந்த ரகம் என்று நீங்களே சோதித்துக்கொள்ள வேண்டும்.

சோதிப்பது எப்படி

இரவில் ஒரு கடைக் கண்ணாடியோ வெளிறிய சுவரோ இருக்கும் பார்க்கிங்குக்குப் போங்கள். கூட ஒரு ஆள் இருந்தால் நல்லது, தனியாகவும் செய்யலாம். சுவரைப் பார்த்தபடி பத்து அடி தள்ளி நிறுத்துங்கள்.

முதலில் லைற் சுவிட்சைக் கண்டுபிடியுங்கள். ஜப்பான், கொரியக் கார்களில் ஸ்ரியரிங்கின் இடப்பக்கம், சிக்னல் போடும் தண்டின் நுனியைத் திருப்ப வேண்டும். ஐரோப்பியக் கார்களிலும் சில அமெரிக்கக் கார்களிலும் ஸ்ரியரிங்குக்கு இடப்பக்கம் டாஷ்போர்டில் வட்டமான ஒரு திருகு இருக்கும். அதை ‘ஓஃப்’ நிலைக்குத் திருப்புங்கள். சில புதிய கார்களில் ‘ஓஃப்’ நிலையில் நிற்காது, கையை எடுத்ததும் ஓட்டோவுக்கே திரும்பிவிடும். உங்கள் கார் அந்த வகை என்றால் பாதிக் கவலை தீர்ந்தது.

இப்போது எஞ்சினைப் போட்டு, காலால் பிரேக்கை மிதித்தபடி ஹாண்ட் பிரேக்கை விடுங்கள். இதை மறக்கக் கூடாது. பல கார்களில் ஹாண்ட் பிரேக் போட்டிருந்தால் பகல் விளக்கு எரியாது. சிலதில் கியரைப் ‘பார்க்’கிலிருந்து எடுத்தால்தான் எரியும். “அன்ரி, என்ர காரில டி.ஆர்.எல். பழுது” என்று வருகிற முறைப்பாட்டில் பாதி இந்த ஹாண்ட் பிரேக் கதைதான். சுவரில் விழும் வெளிச்சத்தை வடிவாகப் பாருங்கள். அதுதான் பகல் விளக்கு. பெரும்பாலும் பரவலாக, ஓரம் என்று ஒன்று இல்லாமல் இருக்கும்.

பிறகு சுவிட்சை ஹெட்லைற் குறிக்குத் திருப்புங்கள். சுவரில் படம் மாறும். லோ பீமுக்கு மேலே ஒரு வெட்டு இருக்கும்: ஒரு கோட்டுக்குக் கீழே வெளிச்சம், மேலே இருட்டு, வலப்பக்கம் ஓரம் மட்டும் சற்று ஏறியிருக்கும். எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்காமல் நடைபாதைப் பக்கம் தூரம் காட்டுவதற்காக அப்படிச் செதுக்கியிருக்கிறார்கள். இந்த இரண்டு படத்தையும் ஒரு தடவை அடுத்தடுத்துப் பார்த்தவர்கள் பிறகு ஏமாறுவதில்லை. முன்னால் நிற்கும் காரின் பம்பரில் விழும் வெளிச்சத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

அடுத்தது முக்கியம். பின்பக்கம். ‘பார்க்’கில் போட்டு ஹாண்ட் பிரேக்கை இழுத்து, சுவிட்சைத் திரும்ப ‘ஓஃப்’ ஆக்கிவிட்டு இறங்கிப் போய்ப் பாருங்கள். சிவப்பு எரிகிறதா? ஹாண்ட் பிரேக் போட்டதும் பகல் விளக்கு அணைந்துபோகும் கார் என்றால் இந்த முறை சரிவராது. அப்போது கூட வந்தவர் பின்னால் எட்டி, பக்கவாட்டில் தள்ளி நின்று பார்க்கட்டும், நீங்கள் வண்டியைக் கொஞ்சம் முன்னுக்கு உருளவிடுங்கள். தனியாக இருந்தால் காரைத் திருப்பி, பின்பக்கத்தைக் கடைக் கண்ணாடிக்குக் காட்டி, காலைப் பிரேக்கில் வைக்காமல் உருட்டிப் பின்பார்வைக் கண்ணாடியில் பாருங்கள். பிரேக்கில் கால் இருந்தால் பிரேக் லைற்றின் சிவப்பைப் பார்த்து ஏமாந்துபோவீர்கள். நானே ஒருமுறை ஏமாந்தேன்.

மீற்றரில் வரும் குறிகளும் உதவும். கீழ்நோக்கிச் சரிந்த கோடுகளோடு பச்சை விளக்குப் படம் என்றால் லோ பீம். நேர்க்கோடுகளோடு நீலம் என்றால் ஹை பீம். முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு சின்ன விளக்குகள் பச்சையில் வந்தால் பின் லைற் உட்பட சின்ன லைற்றுகள் எரிகின்றன. சில கார்களில் லோ பீமுக்கென்று தனிக் குறியே இல்லை, இந்த முதுகொட்டிய குறிதான். இன்னும் சிலதில் டி.ஆர்.எல்.லுக்கும் ஒரு பச்சைக் குறி இருக்கும். அதனால் “பச்சையாக ஏதோ எரிகிறது” என்று திருப்திப்படாமல் எந்தப் படம் என்று பாருங்கள்.

உணரியின் குணம்

உங்கள் சுவிட்சில் ஓட்டோ என்று இருந்தால் அந்த உணரியையும் சோதிக்கலாம். பகலில் செய்ய வேண்டும். டாஷ்போர்டின் மேலே, முன்கண்ணாடியை ஒட்டி, கறுப்பாக ஒரு சின்னக் குமிழ் இருக்கும். சில கார்களில் அது பின்பார்வைக் கண்ணாடிக்குப் பின்னால், மழை உணரியோடு சேர்ந்து ஒட்டியிருக்கும். டாஷ்போர்டில் இரண்டு குமிழ் இருந்தால் ஒன்று ஏசிக்காக வெயிலை அளப்பதாக இருக்கலாம். ஓட்டோவில் வைத்துவிட்டு அந்தக் குமிழை உள்ளங்கையால் அல்லது மடித்த கறுப்புத் துணியால் மூடுங்கள். சில விநாடியில் ஹெட்லைற் குறி வர வேண்டும். கையை எடுத்தால் உடனே அணையாது, கொஞ்சம் பொறுக்கும். பழுது என்று நினைக்காதீர்கள். பாலத்துக்குக் கீழே போகும்போதும் மரநிழலில் போகும்போதும் லைற் கண்சிமிட்டாமல் இருக்கத்தான் அந்தப் பொறுமை.

எவ்வளவு இருட்டினால் எரியும்? ஐ.நா.வின் வாகன விதி 48 இல் கணக்கு உண்டு. வெளிச்சம் 1,000 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) கீழே போனால் 2 விநாடிக்குள் எரிய வேண்டும். 7,000 லக்ஸுக்கு மேலே ஏறினால் அணைய வேண்டும், ஆனால் 5 விநாடியாவது பொறுத்து. 300 விநாடிக்கு மேல் இழுக்கக் கூடாது. நடுவில் உள்ளது தயாரிப்பாளரின் விருப்பம். கோடை நண்பகல் வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் அளவு இருக்கும் என்று வைத்துப் பார்த்தால் இந்த எண்கள் எவ்வளவு சின்னவை என்று தெரியும்.

ஓட்டோவின் ஓட்டையும் இந்த எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. உணரி அளப்பது வெளிச்சத்தை. பார்வைத் தூரத்தை அது அளப்பதில்லை. காலை ஒன்பது மணிக்கு லேக் ஒன்ராறியோப் பக்கமிருந்து மூடுபனி ஏறி வரும். எல்லாம் வெள்ளை. வெள்ளை என்றால் வெளிச்சம். உணரிக்குப் பல ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். “நல்ல பகல்” என்று அது சும்மா இருக்கும். உங்களுக்கோ முன்னால் போகும் கார் தெரியவில்லை. பின்னால் வருகிறவனுக்கு நீங்கள் தெரியவில்லை. பகல் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும், அதுவும் முன்னால். பகலில் கொட்டும் ஸ்நோவும் அப்படித்தான், நிலமும் வானமும் சேர்ந்து வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். கனமழையிலும் இதே கதை. சில கார்கள் வைப்பர் ஓடத் தொடங்கினால் ஓட்டோவில் ஹெட்லைற்றையும் போடும். உங்கள் கார் செய்கிறதா என்று கையேட்டில் பாருங்கள், அல்லது மழை நாளில் நின்று பாருங்கள்.

ஆகவே என் விதி: வைப்பரைத் தொடுகிற கை, லைற் சுவிட்சையும் தொட வேண்டும். மூடுபனி, மழை, ஸ்நோ, லொறி கிளப்பும் சேற்றுத் தண்ணீர், எதுவானாலும் ஓட்டோவிலிருந்து ஹெட்லைற் குறிக்கே திருப்பிவிடுங்கள். மூடுபனியில் ஹை பீம் வேண்டாம். வெள்ளைச் சுவரில் வெளிச்சம் அடித்த மாதிரி உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. ஒன்ராறியோவில் சூரியன் மறைவதற்கு அரை மணித்தியாலம் முன்பிலிருந்து உதித்து அரை மணித்தியாலம் வரை லைற் எரிய வேண்டும். அது போக, வெளிச்சக் குறைவாலோ வானிலையாலோ 150 மீற்றரில் ஆளோ வண்டியோ தெளிவாகத் தெரியாத எந்த நேரத்திலும் எரிய வேண்டும். “ஓட்டோவில் விட்டிருந்தேன் ஒஃபிசர்” என்பதற்கு அந்தச் சட்டத்தில் இடம் இல்லை. டிசம்பரில் சூரியன் ஐந்து மணிக்கு முன்பே, நாலே முக்கால் சுமாருக்கு மறைகிறது. அரை மணி கழித்தால் நாலே கால். வேலை முடிந்து வீடு திரும்பும் பெரும்பாலானோர் அந்த நேரத்துக்குள் ரோட்டில் இல்லை, அதற்குப் பிறகுதான் இருக்கிறார்கள்.

இன்னும் சில

உணரிக் குமிழை எதனாலும் மூடாதீர்கள். பார்க்கிங் துண்டு, ரிஷ்யூப் பெட்டி, டாஷ்போர்டில் ஒட்டிய பிள்ளையார், எது மறைத்தாலும் அது இரவு என்று நினைத்துப் பகல் முழுக்க ஹெட்லைற்றை எரிக்கும். என் மாணவர் ஒருவர் காரில் பிள்ளையார் சரியாக அதன்மேல் இருந்தார். ஒரு சாண் நகர்த்தினோம். கும்பிட்டுவிட்டுத்தான் நகர்த்தினார்.

சிக்னல் போடும்போது அந்தப் பக்கத்துப் பகல் விளக்கு அணைந்தால் அல்லது மங்கினால் பழுது இல்லை. பக்கத்தில் வெள்ளை பளிச்சென்று எரிந்தால் அம்பர் சிமிட்டுவது தெரியாது என்பதால் பல கார்களில் அப்படி வைத்திருக்கிறார்கள். ஹெட்லைற் போட்டதும் எல்.ஈ.டி. கீற்று மங்குவதும் அதே மாதிரி வேண்டுமென்றே செய்ததுதான்.

எல்.ஈ.டி. ஹெட்லைற் உள்ளவர்களுக்கு ஒரு சொல். பழைய ஹாலோஜன் பல்ப் 55 வாட்டில் சூடாகி, கண்ணாடியில் ஒட்டிய ஸ்நோவைக் கொஞ்சம் உருக்கிவிடும். எல்.ஈ.டி. முன்பக்கம் அவ்வளவு சூட்டை விடாது. ஸ்நோ அப்படியே அப்பிக்கொண்டு நிற்கும். தூரிகையால் முன்கண்ணாடியைத் தட்டும்போது ஹெட்லைற்றையும் பின் லைற்றையும் ஒரு தடவை துடைத்துவிடுங்கள். எரிந்தும் தெரியாத லைற்றுக்கு என்ன பயன்?

ஹை பீமைத் தானாகக் குறைத்துக் கூட்டுகிற வசதி வேறு, ஓட்டோ ஹெட்லைற் வேறு. பெயரில் ஓட்டோ இரண்டிலும் இருக்கும். முதலாவது இல்லாத காரில் எதிரே 150 மீற்றருக்குள் வண்டி வந்தாலும், யாருக்காவது பின்னால் 60 மீற்றருக்குள் போனாலும் ஹை பீமை நீங்களே இறக்க வேண்டும்.

அப்புறம், காரை யாரிடமாவது கொடுத்து வாங்கினால் சுவிட்சைப் பாருங்கள். ஒரு நவம்பர் மாதம் வின்ரர் ரயர் போட ஒரு கராஜில் விட்டேன். திரும்ப எடுத்தது பின்னேரம் நாலு மணி. ஐந்து வருடமாக என் சுவிட்ச் ஓட்டோவிலேயே கிடந்தது. அதைத் தொடும் பழக்கமே எனக்கு விட்டுப்போயிருந்தது. கராஜில் யாரோ ‘ஓஃப்’ ஆக்கியிருக்கிறார்கள். நான் 401 இல் ஏறி, மோர்னிங்சைட் வரை போய்விட்டேன். பின்னால் வந்த ஒருவர் இரண்டு தரம் லைற் அடித்தார். “என்ன அவசரம் இவருக்கு” என்று வலப்பக்கம் ஒதுங்கி வழிவிட்டேன். அவர் முந்தவில்லை. பக்கத்தில் வந்து, தன் லைற்றை அணைத்து, போட்டு, அணைத்து, போட்டுக் காட்டினார். அப்போதுதான் விளங்கியது. பதினெட்டு வருடம் லைற் பாடம் எடுத்தவள். வெட்கத்தில் வீடு வரும்வரை ரேடியோகூடப் போடவில்லை.

எனக்கு லைற் விஷயத்தில் இவ்வளவு பிடிவாதம் ஏன் என்று மகன் கேட்பான். தொண்ணூறுகளில், போர்க்காலத்தில், ஊரில் மாமாவின் ஏ40 கார் மண்ணெண்ணெயில் ஓடியது. இரவில் ஆஸ்பத்திரிக்கு யாரையாவது ஏற்றிப் போனால் மாமா லைற் போட மாட்டார். ஹெலிகொப்டர் கண்டால் முடிந்தது. நான் முன்சீற்றில் இருந்து தலையை வெளியே நீட்டி, “மாமா, வலப்பக்கம் மதகு” என்று சொல்லிக்கொண்டு வருவேன். லைற் இல்லாமல் ஓடுவது எப்படி என்று எனக்குத் தெரியும். இங்கே அதற்கு ஒரு தேவையும் இல்லை.

கடைசியாக, பேய்க் காரை ரோட்டில் கண்டால் என்ன செய்வது. கிட்டப் போகாதீர்கள். அவன் பிரேக் அடித்தால்தான் சிவப்பு வரும் என்பதால் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு இடைவெளி விடுங்கள். முந்திப் போக இடம் இருந்தால் போய்விடுங்கள். நான் சிவப்பு சிக்னலில் பக்கத்தில் போய் நிற்க முடிந்தால் நிற்பேன். போன கிழமையும் எக்ளின்ரனில் ஒருவர். கண்ணாடியை இறக்கி, “உங்கட பின் லைற் எரியேல்ல” என்றேன். முகத்தைப் பார்த்தே தமிழ் என்று தெரிந்தது.

“எரியுதே அக்கா” என்று முன்பக்கம் கையைக் காட்டினார்.

“அது டி.ஆர்.எல். தம்பி. தண்டின்ர நுனியைத் திருப்புங்கோ.”

திருப்பினார். அவர் முன்னால் நின்ற வானின் பின்பக்கத்தில் வெளிச்சத்தின் படம் மாறியது. மேலே ஒரு வெட்டு வந்தது. “ஓ!” என்றார். பச்சை விழுந்துவிட்டது.